கடைக்குட்டிக்கு ஏற்ற படகு எது?

ஜவளகிரி பக்கத்துப் பிள்ளைகளுக்குப் படகு என்றால் முதலில் நினைவுக்கு வருவது பரிசல்தான். கர்நாடக எல்லையை ஒட்டி, காட்டை முதுகில் சாய்த்துக்கொண்டு கிடக்கும் ஊர் அது. ஆண்டுதோறும் மழைக்காலம் முடியும் தறுவாயில் பன்னர்கட்டா காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் இந்த வழியாகத்தான் இறங்கி வருகின்றன. யானைக்குப் பஞ்சமில்லை, படகு விடும் அளவுக்குத் தண்ணீர்தான் இல்லை. ஆற்றையும் படகையும் பார்க்க வேண்டுமென்றால் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஒகேனக்கல் போய்ச் சேர வேண்டும்.

அங்கே காத்திருக்கும் பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று எதுவும் இல்லை. மூங்கில் பிளாச்சுகளை வட்டமாகப் பின்னி, தண்ணீர் புகாதபடி அடியில் போர்த்தி, தார் பூசிய கூடை. ஒற்றைத் துடுப்பு. ஒரு குடும்பம் ஏற வந்ததும் பரிசல் ஓட்டி முதலில் செய்வது ஆட்களை எடைபோடுவதுதான். தராசில் இல்லை, கண்ணால். "அக்கா, பாப்பாவ நடுவுல உக்கார வைங்க. அண்ணே, நீங்க எதிர்ப்பக்கம் வாங்க. யாரும் எந்திரிக்கக் கூடாது." கனமானவர்கள் எதிரெதிரே, குழந்தை நடுவில், எல்லோரும் கீழே உட்கார்ந்தபடி. ஆற்றின் மேல்பகுதியில் உள்ள பிலிகுண்டுலுவில் நீர்வரத்து கூடிவிட்டால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கே தடை போட்டுவிடும்.

ஒரு படகு எத்தனை பேரைத் தாங்கும், எப்படித் தாங்கும், எப்போது தாங்காது என்பதெல்லாம் அந்த மூன்று வரி அதட்டலுக்குள் இருக்கின்றன. பரிசலில் அரை மணி நேரம் சுற்றுவதற்கு இதுபோதும். ஆனால் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக் குடும்பங்களின் விடுமுறைக் கனவு இப்போது பரிசலோடு நிற்பதில்லை. ஷிப்டு மாற்றி, விடுப்பு சேர்த்து, பள்ளி விடுமுறையோடு பொருத்தி அவர்கள் திட்டமிடும் பயணங்களில் ஆலப்புழை படகு வீட்டுக்குத் தனி இடம் உண்டு. பெங்களூரு – எர்ணாகுளம் இன்டர்சிட்டி ரயில் ஓசூர், தருமபுரி வழியாகத்தான் போகிறது. காலையில் ஏறினால் சாயங்காலம் எர்ணாகுளம். அங்கிருந்து ஆலப்புழைக்குச் சாலை வழியாக ஒன்றரை மணி நேரம் போல ஆகும்.

முன்பதிவுக்கு போன் போட்டதும் எதிர்முனையிலிருந்து வரும் முதல் கேள்வி, "எத்தனை பெட்ரூம் வேண்டும்?" என்பதுதான். லாட்ஜில் அறை எடுக்கும்போது அது சரியான கேள்வி. தண்ணீரின் மேல் குழந்தைகளோடு ஒரு ராத்திரி தங்குவதற்கு அது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, கூட வருகிற குழந்தைகளில் ஆகச் சிறியதற்கு என்ன வயது என்பது. அந்தக் குழந்தையிலிருந்து தொடங்கினால்தான் படகின் அளவு சரியாக வரும்.

இன்று படகு வீடு எனப்படுவது பழைய கெட்டுவள்ளத்தின் மறுபிறவி. குட்டநாட்டு நெல்லையும் மற்ற சரக்குகளையும் கொச்சிக்கு ஏற்றிச் சென்ற பெரிய மரப்படகுகள் அவை. ஆணி அடிக்காமல், ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் கட்டி, முந்திரிக் கொட்டை எண்ணெய் பூசிக் கருப்பாக்கிய உடல். லாரிகள் வந்தபின் வேலையில்லாமல் கிடந்த இந்தப் படகுகளை 1990-களின் தொடக்கத்தில் சுற்றுலாவுக்காக வீடாக மாற்றினார்கள். மூங்கிலும் பாயும் வேய்ந்த கூரை, அதற்குள் அறைகள், குளியலறை, பின்கோடியில் சமையலறை, முன்பக்கம் திறந்த கூடம். சரக்கு ஏற்றிய காலத்தில் நெல் மூட்டைகள் படகின் அடியில் கிடந்தன; எடை முழுக்கத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தது. வீடாக மாறியதும் எடை மேலே ஏறியது. படகின் அளவைப் பேசும்போது மறக்கக் கூடாத மாற்றம் இது.

பொதுவாக ஒரு பெட்ரூம் படகு அறுபது அடி நீளத்தை ஒட்டி இருக்கும். அறைகள் கூடக்கூட நீளமும் கூடி நூறு அடியைத் தொடும். அதற்கு மேலும் அறைகள் வேண்டுமென்றால், மாடி கட்டுவார்கள். ஓட்டுநர், சமையல்காரர், உதவியாளர் என்று இரண்டு மூன்று பேர் படகுடனேயே இருப்பார்கள். ஆட்களைக் கணக்கிடும்போது இவர்களையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

அப்பா, அம்மா, பள்ளிக்கூடம் போகிற பெண், நாலு வயதுப் பையன், கூடவே தாத்தாவும் பாட்டியும். ஜவளகிரியிலிருந்தோ மத்திகிரியிலிருந்தோ கிளம்புகிற குடும்பம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் இருக்கும். இந்த ஆறு பேருக்கு முகவர் மூன்று பெட்ரூம் படகைத்தான் முன்வைப்பார். பிள்ளைகளுக்குத் தனி அறை, தாத்தா பாட்டிக்குத் தனி அறை என்று கேட்கவும் நன்றாக இருக்கும். ஆனால் நாலு வயதுப் பையன் ராத்திரியில் விழித்துக் கதவைத் திறந்தால் அவன் கால் வைப்பது படகின் ஓரத்தை ஒட்டிய நடையில். அந்த நடையின் ஜன்னல்கள் பல படகுகளில் பாயால் மறைத்தவை. சிலவற்றில் அதுவும் கிடையாது. மூன்றாவது அறை அவனைப் பெற்றோரிடமிருந்து ஒரு கதவு தள்ளி வைக்கிறது. இந்தக் குடும்பத்துக்கு இரண்டு பெட்ரூம், ஒரே தளம், ஒரு அறையில் கூடுதல் மெத்தை போட்டால் போதும். பெண் பாட்டியோடு படுத்துக்கொள்வாள், பையன் அம்மாவின் பக்கத்தில்.

சின்னப் படகுக்கு இன்னொரு ஆதாயமும் உண்டு. வேம்பநாட்டுக் காயலும் அதைச் சுற்றியுள்ள ஆறுகளும் அகலமானவை. அவற்றில் எந்தப் படகும் போகும். ஆனால் பிள்ளைகள் பார்க்க விரும்புவது வீட்டு வாசலிலேயே தண்ணீர் ஓடும் கால்வாய்களை, படியில் உட்கார்ந்து பாத்திரம் தேய்க்கிற அம்மாவை, கடல் மட்டத்துக்கும் கீழே பசேலென்று கிடக்கும் வயலை. பெரிய படகு வீடுகள் குறுகலான கால்வாய்களுக்குள் நுழைய முடியாது. காயலின் நடுவிலும் ஆற்றின் முதன்மைத் தடத்திலும் போய்த் திரும்பிவிடும். உள்ளே போய்ப் பார்க்கச் சிறிய ஷிகாராவோ நாட்டுப் படகோ தனியாகப் பேச வேண்டியிருக்கும். படகு பெரிதானால் அனுபவமும் பெரிதாகும் என்ற எண்ணம் இங்கே செல்லாது.

மாடிப் படகு விஷயத்தில் இன்னும் கறாராக இருக்க வேண்டும். மேலே நின்றால் காட்சி அருமையாகத் தெரியும், காற்றும் நன்றாக வரும். ஆனால் ஆட்கள் மேலே ஏற ஏறப் படகின் எடைமையமும் மேலே ஏறுகிறது. படகைச் சாயாமல் பிடித்து நிறுத்துவது நீளத்தைவிட அகலம்தான். தண்ணீர் மட்டத்தில் படகின் நீளத்தை இரட்டித்தால், பக்கவாட்டில் சாயாமல் எதிர்த்து நிற்க உதவும் பரப்பின் பலம் இரண்டு மடங்காகும். அகலத்தை இரட்டித்தாலோ எட்டு மடங்காகும். நூறு அடி நீளம் என்று பெருமையாகச் சொல்லப்படும் படகைப் பற்றிக் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி, அதன் அகலம் என்ன, அதற்கு மேல் எத்தனை தளம் என்பதுதான்.

2009 செப்டம்பர் 30 மாலை. தேக்கடியில் பெரியாறு நீர்த்தேக்கத்தில் 'ஜலகன்யகா' என்ற இரண்டு தளச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். சேவைக்கு வந்து அதிக காலமாகாத படகு. கரையோரம் தெரிந்த விலங்குகளைப் பார்க்க மேல்தளத்தில் இருந்தவர்கள் ஒரே பக்கமாக நகர்ந்தது அன்று சொல்லப்பட்ட முக்கியக் காரணங்களில் ஒன்று. பத்துப் பேர் ஆளுக்கு அறுபது கிலோ என்று வைத்தாலும் 600 கிலோ எடை, தண்ணீர் மட்டத்துக்கு வெகு மேலே, சில நொடிகளில் ஒரு ஓரத்துக்குப் போகிறது. பரிசல் ஓட்டி "யாரும் எந்திரிக்கக் கூடாது" என்று அதட்டுவது இதைத் தெரிந்துதான். மாடிப் படகில் இப்படி அதட்ட ஆள் கிடையாது. அக்கம்பக்கத்தில் ஒரு கொக்குக் கூட்டம் பறந்தாலே அத்தனை பிள்ளைகளும் ஒரே பக்கம்தான் ஓடுவார்கள்.

மலப்புறம் மாவட்டம் தானூரில் நடந்தது இதைவிட வேதனையானது. 2023 மே 7, ஞாயிற்றுக்கிழமை, இருட்டிய நேரம். மீன்பிடிப் படகை மாற்றிச் சுற்றுலாவுக்கு ஓட்டிய மாடிப் படகு, அனுமதித்த அளவைத் தாண்டி ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. இறந்த 22 பேரில் பெரும்பாலோர் குழந்தைகள். ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவர்கள் மட்டும் 11 பேர். பெருநாள் விடுமுறையில் கூடிய உறவுகள் எல்லோருமாகச் சேர்ந்து ஏறிய படகு அது. தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு நாள் உண்டு. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் உல்லாசமாகப் போன மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள்.

இவை எதுவும் ஆலப்புழை படகு வீடுகள் அல்ல. கெட்டுவள்ளத்தின் வேகமும் ஓட்டமும் வேறு. ஆனாலும் குடும்பமாகப் படகு ஏறுகிறவர்கள் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை மூன்று. அளவுக்கு மேல் ஏறக் கூடாது. இருட்டியபின் ஓடக் கூடாது. வேறு வேலைக்குச் செய்த படகு சுற்றுலாப் படகு ஆகாது. இதில் முதலாவதில்தான் நம் குடும்பங்கள் சறுக்குகின்றன. "குழந்தைதானே, மடியில உக்காந்துக்கும்" என்பது பேருந்தில் பழகிய பேச்சு. படகில் மடியில் உட்கார்ந்திருக்கும் குழந்தையும் ஒரு தலைதான். எடையில் அது பாதி ஆளாக இருக்கலாம். காப்பாற்ற வேண்டிய கணக்கில் அது ஒன்றரை ஆள்.

படகுத் தொழில் முறைப்படுத்தப்பட்ட நாடுகளில் எண்ணிக்கையைப் படகின் உடலிலேயே எழுதி ஒட்டிவிடுகிறார்கள். அப்படி எழுதாத சிறிய படகுகளுக்கு அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஒரு சுலபமான கணக்கைச் சொல்கிறது: 20 அடிக்குள் இருக்கும் படகின் நீளத்தையும் அகலத்தையும் அடிக்கணக்கில் பெருக்கி, 15-ஆல் வகுக்க வேண்டும். 18 அடி நீளம், 6 அடி அகலம் என்றால் ஏழு பேர். அதுவும் அமைதியான தண்ணீரில், ஆளுக்கு 68 கிலோ என்ற கணக்கில். படகு வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் படகுத்துறையில் "ஒரு ரவுண்டு போகலாம் சார்" என்று கூப்பிடும் ஸ்பீட் போட்டில் கால் வைக்குமுன் மனசுக்குள் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது.

குழந்தைகளின் வயதைப் பொறுத்து ஆபத்தும் மாறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகெங்கும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாதவர். இந்த வயதுக் குழந்தை தண்ணீரில் விழுந்தால் கத்துவதுகூடக் கிடையாது. சத்தமில்லாமல் உள்ளே போய்விடும். கூடத்தில் பெரியவர்கள் சீட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது முன்பக்கத்தில் ஒரு சின்ன 'பொளக்' சத்தம் ஜெனரேட்டர் இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

ஆகவே, கைக்குழந்தையிலிருந்து ஐந்து வயது வரை உள்ள பிள்ளை இருந்தால், படகு ஒரே தளமாக இருக்க வேண்டும். கூடத்தில் எங்கே உட்கார்ந்தாலும் கூடம் முழுக்கக் கண்ணில் படும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். நடக்கப் பழகும் குழந்தையைவிடத் தவழும் குழந்தையோடு போவது சுலபம் என்பார்கள் போய்வந்த அம்மாக்கள். நடக்கப் பழகியதற்குக் கதவு திறக்கத் தெரியும், தண்ணீரின் பயம் மட்டும் தெரியாது. ஆறிலிருந்து பத்து வயதுக்காரர்கள் சொன்னால் கேட்பார்கள், ஆனால் கூட ஒரு வயதொத்த பிள்ளை இருந்தால் கேட்க மாட்டார்கள். பதின்வயதினருக்குத் தனி அறை கொடுக்கலாம். மூன்றாவது பெட்ரூமுக்கு உண்மையான தேவை வருவது அப்போதுதான்.

படகைப் பார்க்கும்போது அலங்காரத்தில் மயங்காமல் கைப்பிடிக் கம்பியைப் பார்க்க வேண்டும். பெரியவர்களின் இடுப்பு உயரத்தில் ஒரே ஒரு கம்பி ஓடினால் நாலு வயதுப் பிள்ளைக்கு அது கம்பியே இல்லை. அதற்குக் கீழே நெருக்கமான குறுக்குக் கம்பிகளோ பலகையோ வேண்டும். வீட்டு மாடிப்படிக் கம்பிகளுக்கு நடுவே நாலு அங்குலத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்பது பொறியாளர்கள் பின்பற்றும் அளவு. குழந்தையின் தலை புகாத அளவு அது. அதையே இங்கும் கேட்கலாம். படகின் மூக்குப் பகுதியில் பெரும்பாலும் கம்பி இருக்காது, ஏனென்றால் கயிறு கட்டவும் பலகை போட்டுக் கரையேறவும் ஆட்கள் அங்கே நடமாட வேண்டும். ஓட்டுநரின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள அந்த இடம்தான் பிள்ளைகளுக்கு ஆகப் பிடித்த இடம். கூடத்துக்கும் மூக்குக்கும் நடுவே தாழ்ப்பாள் போட்ட சின்னக் கதவு உள்ள படகுகள் உண்டு. வாடகை சற்றுக் கூடினாலும் அதைத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது லைஃப் ஜாக்கெட். "இருக்கு சார்" என்ற பதில் போதாது. பெரியவர்களின் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால், தண்ணீரில் விழுந்ததும் சட்டை மேலே வரும், குழந்தை அடியால் நழுவிவிடும். குழந்தைகளுக்கான சட்டைகளை எடை பார்த்துப் பிரிக்கிறார்கள். அமெரிக்கப் பிரிவுப்படி சுமார் 14 கிலோ வரை ஒன்று, 23 கிலோ வரை ஒன்று, 41 கிலோ வரை ஒன்று. சின்னக் குழந்தைச் சட்டையில் தலையை மேலே பிடிக்கக் கழுத்துக்குப் பின்னால் ஒரு திண்டும், கால்களுக்கு நடுவே ஒரு பட்டையும் இருக்க வேண்டும். போட்டபின் இரண்டு தோள்களையும் பிடித்துத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்: சட்டை காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது. நம் படகுத்துறைகளில் குழந்தை அளவு எப்போதும் கிடைப்பதில்லை. அடிக்கடி பயணம் போகிற குடும்பம் சொந்தமாக ஒன்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் ஒகேனக்கல்லுக்கும் உதவும், ஆலப்புழைக்கும் உதவும். காற்றூதும் நீச்சல் கைப்பட்டைகளும் வாத்துப்பொம்மை வளையமும் விளையாட்டுச் சாமான்கள். அவை இதற்கு ஈடாகாது.

ராத்திரி விஷயத்துக்கு வரலாம். நண்பகலில் ஏறினால் மாலை ஐந்தரை மணி வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள். அதன்பிறகு மீனவர்கள் வலை போடும் நேரம். படகு வீடு ஓடக் கூடாது. மறுநாள் காலையில் சிற்றுண்டி முடியச் சிறிது தூரம் ஓட்டி இறக்கிவிடுவார்கள். ஆக, 21 மணி நேரத் தங்கலில் படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம்தான். மீதி நேரம் முழுக்க அது கரையில் கட்டிய வீடு. சாதாரணக் கட்டணத்தில் ஏ.சி. இரவு ஒன்பது முதல் காலை ஆறு மணி வரை மட்டும் ஓடும். மே மாதத்தில் பகல் தூக்கம் தூங்கும் குழந்தை இருந்தால், ஒரு அறை கூடுதலாக எடுக்கும் காசை நாள் முழுக்க ஏ.சி. ஓடும் படகுக்குக் கொடுப்பது மேல். ஜெனரேட்டரின் புகை எந்தப் பக்கம் போகிறது, அதை ஒட்டி எந்த அறை இருக்கிறது என்று பார்த்து, அந்த அறையில் பிள்ளைகளைப் படுக்கவைக்காமல் இருக்க வேண்டும். மூடிய அறையில் அந்தப் புகை வாசனையில்லாமலும் ஆளைக் கொல்லும்.

கூரை மூங்கிலும் பாயும் என்பதால் நெருப்பைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சமையலறை பின்கோடியில், வெளியேறும் வழி பெரும்பாலும் முன்பக்கம். நூறு அடிப் படகில் கடைசி அறையிலிருந்து வாசலுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை தாத்தாவை நடக்கச் சொல்லிப் பார்த்தால் புரியும். படகின் அளவைக் குறைத்துப் பேச இதுவும் ஒரு காரணம்.

இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து போகும்போதுதான் அளவு பற்றிய முடிவு உண்மையிலேயே கடினமாகிறது. தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை பார்க்கும் நாலு நண்பர்கள், நாலு மனைவியர், ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லோருமாக ஐந்து பெட்ரூம் மாடிப் படகு ஒன்றை எடுத்தால் தலைக்கு ஆகும் செலவு குறையும், ஒன்றாகச் சாப்பிடலாம். ஆனால் அங்கே ஒரு பொல்லாத மயக்கம் வருகிறது. எட்டுப் பெரியவர்கள் இருப்பதால் பிள்ளைகளை யாரோ பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று எட்டுப் பேரும் நினைப்பார்கள். கூட்டம் கூடக்கூடக் குழந்தையின் மேல் இருக்கும் கண் குறைகிறது. இந்தக் கூட்டத்துக்கு ஒரே தளத்தில் இரண்டு பெட்ரூம் உள்ள இரண்டு படகுகளே சரி. இரண்டையும் மாலையில் ஒரே கரையில் பக்கத்துப் பக்கத்தில் கட்டச் சொல்லிவிட்டால், சாப்பாடும் பேச்சும் சேர்ந்தே நடக்கும். பணம் கொஞ்சம் கூடும்தான். ஆனாலும் குறைக்க வேண்டிய செலவு இது அல்ல. ஒரே படகுதான் என்று முடிவானால், மணிக்கொரு ஆளாக முறை போட்டு, அந்த ஆள் கையில் போன் இல்லாமல் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

முதன்முறையாகத் தண்ணீரில் போகும் குழந்தை என்றால் நேராக ஓர் இரவுப் பயணத்துக்குப் போகத் தேவையில்லை. கிருஷ்ணகிரியில் அவதானப்பட்டி ஏரியின் மிதிபடகு ஒரு தொடக்கம். ஆலப்புழைக்கே போனாலும், கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் பயணிகள் படகு ஆலப்புழையிலிருந்து கோட்டயம் வரை போகிறது. டவுன் பஸ் போல உள்ளூர்க்காரர்கள் ஏறி இறங்கும் படகு, சொற்பக் கட்டணம், இரண்டரை மணி நேரப் பயணம். காயலும் வயலும் கால்வாயும் அதிலேயே தெரியும். குழந்தைக்குத் தலைசுற்றுகிறதா, பயப்படுகிறதா, ஒரு இடத்தில் உட்காருகிறதா என்பது அந்தப் பயணத்தில் தெரிந்துவிடும். வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் நடுவே 2017 முதல் ஓடும் 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். 20 மீட்டர் நீளத்துக்கு 7 மீட்டர் அகலம், இரட்டை உடல், 75 பேர். அகலம் எப்படி ஒரு படகை அசையாமல் வைக்கிறது என்பதைப் பாடப்புத்தகம் இல்லாமல் புரியவைக்கும் படகு அது. டீசல் இரைச்சலும் இல்லை.

மற்ற ஊர்களில் இந்தக் கேள்விக்கு வேறு வேறு விடைகள் உண்டு. ஸ்ரீநகர் தால் ஏரியின் படகு வீடுகள் நகர்வதே இல்லை. அங்கே அளவு என்பது அறைக்கணக்குதான், ஆபத்து படகுக்கும் ஷிகாராவுக்கும் நடுவே கால் மாற்றி வைக்கும் இடத்தில். இங்கிலாந்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கோடையில் வாடகைக்கு எடுக்கக்கூடிய கால்வாய்ப் படகோ ஏழு அடி அகலத்துக்கும் சற்றுக் குறைவு. நீளம் எழுபது அடி வரை போகும். குறுகலான மதகுகளுக்காகவே அந்த அகலம். ஓட்டுவதும் குடும்பத்தினரே என்பதால் ஒரு பெரியவர் எப்போதும் சுக்கானில் நிற்க வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க இன்னொருவர். இரண்டு பெரியவர்களுக்குக் குறைந்து போனால் அந்தப் படகு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பெரிதுதான்.

ஆலப்புழைக்குத் திரும்பினால், கடைசியாகப் பார்க்க வேண்டியவை காகிதங்கள். பதிவான படகுகளின் உடலில் கே.ஐ.வி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். ஆய்வுச் சான்று நடப்பில் இருக்கிறதா, அதில் எத்தனை பேருக்கு அனுமதி, ஓட்டுநருக்கு உரிமம் உண்டா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. கேரளச் சுற்றுலாத் துறை படகு வீடுகளுக்கு கோல்டு ஸ்டார், சில்வர் ஸ்டார் என்று தரம் கொடுக்கிறது. சுற்றுச்சூழலைப் பேணும் படகுகளுக்கு கிரீன் பாம் சான்றும் உண்டு. கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை கட்டணம் தாறுமாறாக ஏறும். நல்ல படகுகள் முன்கூட்டியே போய்விடும். ஜூன், ஜூலை மழையில் விலை இறங்கும், ஆனால் நாள் முழுக்கப் பிள்ளைகளை அறைக்குள் அடைத்து வைக்க நேரிடலாம். ஆகஸ்டில் புன்னமடைக் காயலில் நேரு கோப்பைப் படகுப் போட்டி நடக்கும்போது ஊரே கூடும். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது.

போனில் பேசும்போது காட்டிய படகு ஒன்றாகவும், படகுத்துறையில் நிற்பது வேறாகவும் இருப்பது சீசன் நேரத்தில் சகஜம். முன்பணம் கட்டும்போதே படகின் பதிவு எண்ணை ரசீதில் எழுதி வாங்கிவிட வேண்டும். "அது ரிப்பேர் சார், இது அதைவிடப் பெருசு, அதே ரேட்" என்று சொன்னால் மகிழ்ந்துபோய் ஏறிவிடக் கூடாது. எத்தனை தளம், கம்பி எவ்வளவு நெருக்கம், மூக்குப் பக்கம் கதவு உண்டா, குழந்தை அளவுச் சட்டை எத்தனை என்று நாலையும் மறுபடி பார்த்து, சட்டையைப் பிள்ளைக்குப் போட்டுத் தூக்கிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு பெட்டிகளை ஏற்றச் சொன்னால் போதும்.